5 வார பாப்பா சாயங்காலம் ஆனா ஒரே அழுகை, எதுக்கும் அடங்க மாட்டேங்குறா, என்ன செக் பண்ணணும்?

தூக்கம்கெட்ட_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு பொறந்து 5 வாரம் ஆகுது, நிறைமாசக் குழந்தைதான். பகல்ல நல்லா குடிக்கிறா, தூங்குறா, ஒரு பிரச்சனையும் இல்ல. சாயங்காலம் ஆறு மணி தாண்டிச்சுன்னா ஆரம்பிச்சிருவா, பத்து பதினொண்ணு வரைக்கும் விட்டு விட்டு அழுகை, மூஞ்சியெல்லாம் செவந்து போயி, கையை இறுக்கி மூடிக்கிட்டு, காலை வயித்தோட சேத்து மடக்கி. பால் குடுத்தா ரெண்டு இழு இழுத்துட்டு திமிறுறா. டயபர் மாத்தியாச்சு, ஏப்பம் விட வெச்சாச்சு, தோள்ல போட்டு நடந்தாச்சு, கிலுகிலுப்பை, பாட்டு, லைட்டைப் போட்டு அணைச்சு, ஃபேனைக் கூட்டி குறைச்சு எல்லாம் ஆச்சு. தாய்ப்பால் மட்டும்தான். வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் "பால் பத்தலை போல"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க, என் மனைவி அதைக் கேட்டு உக்காந்து அழறா. ஃபார்முலா ஆரம்பிக்கணுமா? வயித்து வலி சொட்டு மருந்து ஏதாவது வாங்கலாமா? யாராவது வழி சொல்லுங்க.

ரெண்டுவாலு_அம்மா:
ஃபார்முலாவை அப்புறம் பாக்கலாம், முதல்ல இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. பொறந்த எடைக்கு இப்ப எவ்வளவு ஏறியிருக்கு? ஒரு நாளைக்கு எத்தனை ஈர டயபர்? கக்குறாளா, கக்கினா என்ன கலர்? டெம்பரேச்சர் பாத்தீங்களா, தொட்டுப் பாத்தது கணக்குல வராது, தெர்மாமீட்டர் வெச்சு சொல்லுங்க.

ஜில்லு_மாமா:
இதுக்குப் போயி இவ்வளவு டென்ஷனா ப்ரோ, கிரைப் வாட்டர் ஒரு ஸ்பூன் குடுங்க, ஒரே நிமிஷத்துல கப்சிப். எங்க வீட்ல எல்லாம் அப்படித்தான் வளந்தோம்.

வார்டு_நர்ஸ்:
மாமா சொல்றதை தயவுசெஞ்சு செய்யாதீங்க. முதல் 6 மாசம் தாய்ப்பாலைத் தவிர வேற ஒண்ணும் வேண்டாம், தண்ணிகூட வேண்டாம்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, டாக்டர் எழுதிக் குடுக்குற மருந்து, விட்டமின் மட்டும்தான் விதிவிலக்கு. அந்த ஒரு நிமிஷ கப்சிப் எப்படி வருதுன்னா, வாயில இனிப்பு பட்டதும் பச்சக் குழந்தை கொஞ்ச நேரம் அமைதியாகும், அவ்வளவுதான், வயித்துக்குள்ள ஒண்ணும் சரியாகல. கேஸுக்குன்னு விக்கிற சிமெத்திகோன் சொட்டு மருந்தும் ஆராய்ச்சியில வெறும் டம்மி மருந்தை விட ஒண்ணும் பெருசா வேலை செய்யல. ஒரு குறிப்பிட்ட வகை லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி (வயித்துக்கு நல்லது பண்ற ஒரு பாக்டீரியா) சொட்டு மட்டும் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைங்களுக்கு அழுகையைக் கொஞ்சம் குறைச்சதா ஆராய்ச்சி இருக்கு, அதையும் டாக்டர்கிட்ட கேக்காம வாங்காதீங்க.

இப்ப அப்பா கவனமா படிங்க. 3 மாசத்துக்குள்ள இருக்குற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதைத் தொட்டாலே காலையில பாத்துக்கலாம்னு உக்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பச்சைக் கலர்ல வாந்தி, மலத்துல ரத்தம், மூச்சு விட சிரமம், உச்சிக்குழி புடைச்சு நிக்கிறது, பாலே வேண்டாம்னு ஒதுக்குறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்குறது, அழுகைச் சத்தமே திடீர்னு மாறி கீச்சுனு கேக்குறது, இதுல எது ஒண்ணு இருந்தாலும் அதேதான். இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது, பாப்பாவை முழுசா துணி கழட்டி நல்ல வெளிச்சத்துல பாருங்க. கால் விரல் கை விரல் ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பாருங்க, அம்மா தலைமுடி ஒண்ணு விரலைச் சுத்தி இறுக்கிட்டிருந்தா விரல் வீங்கி செவந்துரும், சாக்ஸுக்குள்ள இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. தொடை இடுக்குல கெட்டியா வீக்கம் இருக்கான்னும் பாத்துருங்க, அது குடலிறக்கமா இருக்கலாம்.

தூக்கம்கெட்ட_அப்பா:
ரொம்ப நன்றி சிஸ்டர். எல்லாம் பாத்துட்டேன், முடி எதுவும் இல்ல, வீக்கம் இல்ல. டெம்பரேச்சர் 36.9. கக்குறது தயிர் மாதிரி வெள்ளையா கொஞ்சம்தான். ஈர டயபர் ஏழு எட்டு ஆகுது. எடை பொறந்தப்ப 2.9 கிலோ, போன வாரம் டாக்டர் பாத்தப்ப 3.6. அவரும் குழந்தை நல்லா இருக்குன்னுதான் சொன்னாரு, ஆனா இந்த சாயங்கால கச்சேரியை அவர் பாக்கலையே.

ரெண்டுவாலு_அம்மா:
அப்ப பால் பத்தலைங்கிற பேச்சை இத்தோட மூட்டை கட்டி வெச்சிருங்க. இந்த வயசுல ஒரு நாளைக்கு 20லேர்ந்து 30 கிராம் ஏறணும், உங்க பொண்ணு ஜோரா ஏறிட்டிருக்கா. 5 நாளுக்கு மேல ஆன குழந்தை 24 மணி நேரத்துல 6 ஈர டயபர் ஆவது போனா பால் உள்ள போகுதுன்னு அர்த்தம். மார்பு தொளதொளன்னு இருக்கு, பம்ப் பண்ணினா கொஞ்சம்தான் வருது, இதெல்லாம் அளவுகோலே கிடையாது, உங்க மனைவிகிட்ட இதை நீங்களே படிச்சுக் காட்டுங்க. வீட்டுக்கு வர்றவங்களுக்கு வாசல்லயே ஒரு டம்ளர் தண்ணி குடுத்து அனுப்பிருங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க.

அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கு. 2 வாரத்துல ஏற ஆரம்பிக்கும், 6 வாரம் வாக்குல உச்சம், அப்புறம் இறங்கி 3, 4 மாசத்துல அடங்கிரும். அமெரிக்காவுல பிரேசல்டன்னு ஒரு குழந்தை டாக்டர் 1962லயே அம்மாக்களை டைரி எழுத வெச்சுப் பாத்தாரு, 6 வாரத்துல நல்ல ஆரோக்கியமான குழந்தையே ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 2¾ மணி நேரம் அழுதுச்சு, அதுலயும் சாயங்காலம்தான் ஜாஸ்தி. அதனால நீங்க இப்ப மலை உச்சிக்குக் கிட்ட நிக்கிறீங்க. கோலிக்னு சொல்றதுகூட தனி வியாதி இல்ல, ஒரு நாளைக்கு 3 மணி நேரம் அழுகை, வாரத்துல 3 நாள், 3 வாரம்னு 1954ல வெசல்னு ஒருத்தர் போட்ட கோடு, அந்தக் கோட்டைத் தாண்டினா அந்தப் பேரு. காலை மடக்குறது, செவக்குறது எல்லாம் எந்தக் குழந்தை வீறிட்டு அழுதாலும் நடக்கும், அதை வெச்சு மட்டும் வயித்து வலின்னு முடிவு பண்ண முடியாது.

இன்னொண்ணு, சாயங்காலம் அரை மணிக்கு ஒரு தடவை மார்புக்கு வர்றதும் சகஜம்தான். கையைச் சப்புறா, தலையைத் திருப்பித் திருப்பி வாயைத் திறக்குறான்னா அப்பவே குடுத்துரணும், அழுக ஆரம்பிச்ச அப்புறம் குடுத்தா வாயை ஒழுங்கா வெக்காது, நீங்க சொன்ன மாதிரி திமிறும். முதல்ல அமைதிப்படுத்திட்டு அப்புறம் குடுக்கச் சொல்லுங்க.

நைட்ஷிப்ட்_தகப்பன்:
ப்ரோ உங்க லிஸ்ட்டைப் படிச்சேன், பாட்டு கிலுகிலுப்பை லைட்டு ஃபேனு எல்லாம் ஒரே ராத்திரியில, எனக்கே தலை சுத்துது. இந்த வயசுக் குழந்தை ஒரு மணி நேரம் முழிச்சிருந்தாலே களைச்சுப் போயிரும், அதுக்கு மேல தூங்கத் தெரியாம அழும், நம்ம அதை விளையாட்டுக் காட்டி இன்னும் உசுப்பேத்துறோம். கடைசியா எப்ப கண்ணு முழிச்சான்னு மணியைப் பாத்துக்கங்க, 45 நிமிஷம் ஆச்சுன்னா ரூமை இருட்டாக்கிட்டு ஆரம்பிங்க, அழுகைக்காக காத்திருக்காதீங்க.

நான் பண்றது இவ்வளவுதான். மெல்லிசு துணியில கையைச் சேத்து சுத்துவேன், இடுப்பும் காலும் தவளை மாதிரி விரியுற அளவுக்கு லூசா. ஒருக்களிச்சு என் முன்னங்கை மேல படுக்க வெச்சு தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடிச்சுக்குவேன், தூக்கி வெச்சிருக்கும்போது மட்டும்தான் இந்தப் பொசிஷன், தூங்கப் போட்டா மல்லாக்கத்தான். காதுகிட்ட உஷ்ஷ்ஷ்னு சத்தம், அவன் அழுகை ஏறினா கொஞ்சம் கூட்டுவேன், அடங்க அடங்க நானும் குறைப்பேன். அப்படியே நடை. முக்கியமான விஷயம், ஆரம்பிச்சதை அஞ்சு நிமிஷமாவது மாத்தாம செய்யணும், முப்பது செகண்ட்ல கைமாத்தி அம்மாகிட்ட, அம்மா மாத்தி பாட்டிகிட்டன்னு போனா எதுவுமே வேலை செய்யாது.

ஜில்லு_மாமா:
துணி சுத்துனா மூச்சு முட்டாதா தம்பி

நைட்ஷிப்ட்_தகப்பன்:
நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும் மாமா, மூஞ்சிக்கு மேல வரக் கூடாது, வேர்க்கக் கூடாது. புரள முயற்சி பண்ண ஆரம்பிச்ச அன்னைக்கே நிறுத்திரணும். சுத்தி வெச்ச குழந்தையை குப்புறப் போடவே கூடாது.

கீச்சுகீச்சு_ஆன்ட்டி:
ஆப்ல வொயிட் நாய்ஸ், அதான் ஒரே சீரா வர்ற இரைச்சல், போட்டுவிடலாமே, எங்க பேத்திக்கு மழைச் சத்தம்தான். ஆனா போனை தொட்டில்குள்ளயே வெக்கிறாங்க சில பேரு, அது வேண்டாம், காது பிஞ்சு காது. ஒரு 2 மீட்டர் தள்ளி வெச்சு சத்தத்தைக் குறைச்சு வைங்க, தூங்கினதும் அணைச்சிருங்க.

வார்டு_நர்ஸ்:
ஒண்ணு விட்டுட்டேன். இதெல்லாம் பண்ணியும் அடங்காத ராத்திரி வரும், அது உங்க தப்பு இல்ல. கை நடுங்குது, கோவம் தலைக்கு ஏறுதுன்னு தோணுச்சுன்னா குழந்தையை மல்லாக்க தொட்டில்ல போட்டுட்டு கதவைச் சாத்திட்டு வெளிய வாங்க, அஞ்சு பத்து நிமிஷம் அழுதா ஒண்ணும் ஆகாது. ஆத்திரத்துல பிடிச்சு உலுக்கினா சில செகண்ட்ல மூளையில ரத்தக் கசிவு ஆகி உயிருக்கே ஆபத்து. யாரெல்லாம் குழந்தையைத் தூக்குறாங்களோ அத்தனை பேருக்கும் இது தெரியணும். அப்புறம் உங்க மனைவி, குழந்தை தூங்குறப்பவும் தூக்கம் வரல, எதுலயும் பிடிப்பு இல்ல, அழுகையா வருதுன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போனா அதுக்கும் டாக்டர் இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க. தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதுன்னு சொன்னா ரெண்டு வாரம் கணக்கெல்லாம் பாக்காம அன்னைக்கே.

தூக்கம்கெட்ட_அப்பா:
அப்டேட். அழுகை நிக்கல, ஆனா நீளம் குறைஞ்சிருக்கு. அஞ்சு மணிக்கே ரூமை இருட்டாக்கி அவளையும் அம்மாவையும் உள்ள அனுப்பிடுறேன், வர்றவங்களை நான் ஹால்லயே பாத்துக்குறேன். உஷ்ஷ்னு சொல்லிட்டு நடந்தா அடங்குறா. இப்ப புதுப் பிரச்சனை, கையில தூங்குறா, தொட்டில்ல வெச்ச அடுத்த செகண்ட் கண்ணைத் திறந்துடுறா.

நைட்ஷிப்ட்_தகப்பன்:
கண்ணு மூடினதும் போட்டுட்டீங்க, அதான். 2022ல ஜப்பான்ல ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்துல குமி குரோடாங்கிறவங்க குழு இதையே சோதிச்சாங்க. அஞ்சு நிமிஷம் நிக்காம நடை, தூங்கினதும் அஞ்சுலேர்ந்து எட்டு நிமிஷம் அப்படியே மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கணும், அதுக்கப்புறம்தான் படுக்கை. நம்ம உடம்பை விட்டுப் பிரியுற அந்த நேரத்துலதான் குழந்தைக்கு இதயத் துடிப்பு ஏறி முழிப்பு வருதாம். மெதுவா படுக்க வெச்சு நெஞ்சு மேல கையைக் கொஞ்ச நேரம் வெச்சிருங்க.

ஆனா உக்கார்றது சோஃபாவுல வேண்டாம், நீங்களும் அரைத் தூக்கத்துல இருப்பீங்க, குழந்தையோட சோஃபாவுல தூங்கிப் போறது ரொம்ப ஆபத்து. நிமிந்த நாற்காலி, முடிஞ்சா இன்னொரு ஆள் முழிச்சிருக்கணும்.

தூக்கம்கெட்ட_அப்பா:
ஓகே ப்ரோ. ஆட்டோமேட்டிக்கா ஆடுற ஊஞ்சல் சேர் ஒண்ணு கிஃப்ட் வந்திருக்கு, அதுலயே தூங்க விட்டுரலாமா, கை ரொம்ப வலிக்குது.

வார்டு_நர்ஸ்:
முழிச்சிருக்கப்ப பெல்ட் போட்டு கண்ணு முன்னாடி வெச்சு ஆட்டுங்க, தாராளமா. தூங்கினா எடுத்து தட்டையான கெட்டிப் படுக்கையில மல்லாக்க போட்டுரணும், சாஞ்ச சேர்ல தலை முன்னாடி தொங்கி மூச்சுக்குழல் மடங்கிரும். கை வலிக்கு ஸ்லிங், அதாவது குழந்தையை நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிற துணி, பாருங்க, மூக்கு தெரியணும், தாடை நெஞ்சுல அமுங்கக் கூடாது, நீங்க குனிஞ்சா உச்சந்தலையில முத்தம் குடுக்குற உயரத்துல கட்டிக்கங்க.