நம்ம கொல்லைக்கு எது? 6 இன்ச் டாப்சோனியனா, மோட்டார் வச்ச ஈக்யூ மவுண்டா?

ஓடம்போக்கி:
எல்லாருக்கும் வணக்கங்க. திருவாரூர் பக்கம் கிராமம். பொண்ணு எட்டாவது படிக்குது, ஸ்கூல்ல யாரோ டெலஸ்கோப் கொண்டாந்து சனிக்கிரகத்த காட்டிருக்காங்க, அன்னைலேருந்து வீட்ல வேற பேச்சே இல்ல. 40 ஆயிரம் சேத்து வச்சிருக்கேன். கடைக்காரர் 80 மிமீ லென்ஸ் டெலஸ்கோப், ஈக்யூ மவுண்டுன்னு ஒரு ஸ்டாண்டு, மோட்டாரு எல்லாம் சேந்த செட்டு வாங்குங்கங்குறாரு, சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அதெல்லாம் வேணாம் 6 இன்ச் டாப்சோனியன், அதாவது லென்சுக்கு பதிலா கண்ணாடி வச்ச டெலஸ்கோப், வாங்குங்கங்குறான். வீட்டு கொல்லைலதான் வச்சு பாக்கணும். வடக்கால தென்னை அஞ்சு நிக்குது, தெக்கால முழுக்க வயலு. எத வாங்கலாம்?

வெண்ணாறு:
டாப்சோனியன். யோசிக்கவே வேணாம்ணே.

காரணம் சொல்றேன். ஈக்யூ மவுண்ட்னா அதோட ஒரு அச்சு துருவ நட்சத்திரத்துப் பக்கம் நேரா பாத்து நிக்கணும், அப்பதான் பூமி சுத்துறதுக்கு எதிரா அது சுத்தி நட்சத்திரத்த ஐபீஸ்ல (கண்ண வச்சு பாக்குற சின்ன லென்சு) பிடிச்சு வைக்கும். நம்ம தஞ்சாவூர் திருவாரூரெல்லாம் பூமத்திய ரேகைலேருந்து கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்க இருக்கு, அதனால துருவ நட்சத்திரமும் அடிவானத்துலேருந்து வெறும் 11 டிகிரி உசரத்துலதான் நிக்கும். கைய நீட்டி முஷ்டிய மடக்கி அடிவானத்துல வச்சு பாருங்க, அந்த முஷ்டி உசரம்தான். உங்க வீட்ல அங்க தென்னை மரம் நிக்குது. மரம் இல்லேன்னாலும் அவ்வளவு தாழ்வா பாக்குறப்ப தலைக்கு நேரா பாக்குறத விட 5 மடங்கு காத்தத் தாண்டி வெளிச்சம் வரணும், நம்ம ஊரு ஈரக்காத்துல அது மங்கிப்போயி இருக்கா இல்லையான்னே தெரியாது.

இன்னொண்ணு. 11 டிகிரிக்கு சாச்சா மவுண்டு அச்சு கிட்டத்தட்ட படுத்துடும். வெயிட்டெல்லாம் ஒரு பக்கமா வெளிய தொங்கும், எதிர் எடை மாட்டுற கவுண்டர்வெயிட் கம்பி ட்ரைபாட் கால்ல போயி இடிக்கும். நான் மொதல்ல வாங்குனது அதான், ரெண்டு வருஷம் அதோட மல்லுக்கட்டுனேன், அதுல சாய்வு பாத்து வைக்கிற ஸ்கேல்ல 20 டிகிரிக்கு கீழ கோடே இல்ல. டாப்சோனியனுக்கு இது எதுவும் கிடையாது, மரப்பெட்டி மேல குழா, கையால தள்ளு, பாரு, அவ்வளவுதான். 80 மிமீ லென்ஸ விட 6 இன்ச், அதாவது 150 மிமீ கண்ணாடி மூணரை மடங்கு வெளிச்சம் வாங்கும்.

குடமுருட்டி:
வெண்ணாறு அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாத வச்சுதான் சொல்றேன், "ஈக்யூ நம்ம ஊருக்கு ஆவாது"ன்னு நீங்க எழுதுறது பாதிதான் சரி. படம் எடுக்கத்தான் துருவ நட்சத்திரத்துக்கு அச்சு பிசகாம நிக்கணும். கண்ணால பாக்குறதுக்கு திசைகாட்டிய வச்சு வடக்க திருப்பி, ஸ்கேல் இல்லேன்னா போன்ல இருக்குற லெவல் ஆப்ப வச்சு 11 டிகிரி சாச்சா போதும். நம்ம பக்கம் காந்த வடக்குக்கும் நெஜ வடக்குக்கும் ரெண்டு டிகிரிக்கு உள்ளதான் வித்தியாசம். ரெண்டு டிகிரி தப்பா வச்சாகூட 120 மடங்கு பெருசாக்கி நடுவுல வச்ச வியாழன் ஓரத்துக்குப் போக 20 நிமிஷத்துக்கு மேல ஆவும். உங்க டாப்சோனியன்ல அதே 120 மடங்குல ஒரு ஓரத்துலேருந்து இன்னொரு ஓரத்துக்கு ரெண்டு நிமிஷம்கூட நிக்காது, பாக்குற சந்தோசத்த விட தள்ளுற வேலதான் ஜாஸ்தி.

அப்பறம் தூக்கிட்டுப் போறது. 6 இன்ச் டாப்சோனியன் பெட்டியோட சேத்து 15 கிலோவுக்கு மேல, குழாவே ஒரு மீட்டருக்கு மேல நீளம். பைக்ல போவுமா? கேமராவ நட்சத்திரத்தோடயே சுத்துற என்னோட சின்ன ட்ராக்கரும் 70 மிமீ லென்சும் ஒரு தோள் பைல அடங்கிடும், வேதாரண்யம் தாண்டி போயி நின்னுகிட்டு தெக்க கடலுக்கு மேல தென் சிலுவைய படம் எடுத்துட்டு விடியக்காலைல வீட்டுக்கு வந்துடுவேன். தூக்கிட்டுப் போவ முடியாத டெலஸ்கோப்புக்கு வீட்ட சுத்தி இருக்குற எல்ஈடி தெருவெளக்குதான் கதி.

அரசலாறு:
குடமுருட்டி தம்பி, அவரு கொல்லைல வைக்கத்தான் கேட்டாரு, வேதாரண்யம் போறதுக்கு கேக்கல.

நான் கும்பகோணம் பக்கம் டீச்சர், பசங்களுக்கு காட்டுறதுக்குன்னு 6 இன்ச் டாப்சோனியன் வச்சிருக்கேன். ஒரு ராத்திரிக்கு நாப்பது பசங்க வரிசைல நிப்பாங்க. நீங்க சொல்ற ரெண்டு நிமிஷம் 10 மிமீ ஐபீஸ் போட்டு 120 மடங்கு வச்சாதான். 25 மிமீ போடுங்க, 48 மடங்கு, நாலு நிமிஷத்துக்கு மேல உள்ளயே நிக்கும், அதுக்குள்ள ஆறேழு பசங்க பாத்துடுவாங்க. சனியோட வளையம் 48லயே தனியா தெரியும். பசங்க வந்தா ஐபீஸ்ல மூக்க இடிப்பாங்க, குழாவ பிடிச்சு தொங்குவாங்க. மோட்டார் மவுண்டு ஒரு இடி வாங்குனா அலைன்மென்ட் மொத்தமும் போச்சு, இருட்டுல மறுபடி மொதல்லேருந்து. டாப்சோனியன்ல ஒரு தள்ளு தள்ளுனா திரும்ப கெடச்சுடும்.

திருநள்ளாறு, ஆலங்குடின்னு சனிக்கும் குருவுக்கும் கோயில் இருக்குற ஊரு நம்ம ஊரு. ஒரு பாட்டி என் ஐபீஸ்ல சனிய பாத்துட்டு கைகூப்புனாங்க, அந்த நேரத்துல நான் எதுவும் பேசல, பின்னாடி நின்ன பசங்களும் சத்தம் போடல.

குடமுருட்டி:
டீச்சரக்கா, அதே மாதிரி என் வீட்டு கதையும் கேளுங்க. எங்கப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, ஆபரேஷனுக்கு அப்பறமும் ஐபீஸ்ல கண்ண வச்சா எதுவும் பிடிபடல. ஓரியன் நெபுலாங்குற வாயு மேகத்த கண்ணால பாத்தா யாருக்குமே சாம்பல் கலர் பஞ்சு மாதிரிதான். ட்ராக்கர்ல 30 செகண்டு வீதம் அம்பது படம் எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி போன்ல காட்டுனேன், செவப்பும் நீலமுமா, எங்கப்பா போன கைல வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு இது நம்ம வயலுக்கு மேலயாடா இருக்குதுன்னு கேட்டாரு. கண்ணால பாக்குறதுதான் ஒசத்தி, படம் எடுக்குறது மட்டம்னு பேசுறத நான் ஒத்துக்க மாட்டேன்.

வெண்ணாறு:
தம்பி, மட்டம்னு நான் சொல்லவே இல்ல. அப்பாவ பத்தி எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன்.

ஆனா கேள்விக்கு வருவோம். 40 ஆயிரத்துக்குள்ள கெடைக்கிற ஈக்யூ செட்டுல மவுண்டு பலம் இருக்காது. ஃபோகஸ் திருப்புனா படம் ஆடும், ஆட்டம் நிக்க அஞ்சு செகண்டு. கொல்லை மண்ணு வேற, மழைக்கு அப்பறம் ட்ரைபாட் காலு இறங்கிக்கிட்டே இருக்கும், காலுக்கு கீழ செங்கல்லு வைக்கணும். அந்த எட்டாவது படிக்கிற பொண்ணு மொத ராத்திரியே துருவ நட்சத்திரத்த தேடிக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னா ரெண்டாவது ராத்திரி வெளிய வராது. எனக்கு அதான் கவல. நான் நாப்பது வயசுல வாங்குனவன், பொறுத்துக்கிட்டேன்.

தென் வானம் எவ்வளவு பெரிய வரம்னும் யாரும் சொல்லல. தாழ்வான அட்சரேகைங்குறது துருவ நட்சத்திரத்துக்குதான் கஷ்டம், தெக்க பாக்குறதுக்கு நமக்கு அடிச்ச லக்கு. சவ்வாது மலைல காவலூர் ஆய்வகம் அமைச்சதுக்கு ஒரு முக்கிய காரணமே அதான், அது 12 அரை டிகிரி. 1977ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு தெரிஞ்சப்ப அத பதிவு பண்ணுன இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. நாம அதுக்கும் தெக்க. மே மாசம் ராத்திரி 10 மணி வாக்குல ஒமேகா சென்டாரிங்குற நட்சத்திரக் கூட்டம் நமக்கு தெக்க 32 டிகிரி உசரத்துல நிக்கும், லண்டன்ல இருக்குறவன் அத ஊர்லேருந்து பாக்கவே முடியாது. 150 மிமீல அது பஞ்சு மாதிரி தெரியாது, அரிசிமாவ கொட்டி பரத்துன மாதிரி பொடிப்பொடியா நட்சத்திரமா பிரியும். 80 மிமீல அந்த பிரியல் கெடைக்காது. ஓடம்போக்கி அண்ணனுக்கு தெக்கால முழுக்க வயலு, வேற என்ன வேணும்.

கோரையாறு:
ரெண்டு நாளா படிச்சுகிட்டு இருக்கேன். நான் முத்துப்பேட்டை பக்கம். கஜா புயல் வந்து (2018 நவம்பர் 16) எங்க ஊர்ல மூணு வாரம் கரண்டு இல்ல, தென்னையெல்லாம் சாஞ்சு கெடந்துச்சு, எங்க தோப்புல நின்னதே ஏழு மரம். வயித்தெரிச்சல் சொல்ல முடியாது. டிசம்பர் மொத வாரம் அமாவாச, ராத்திரி வாசல்ல கயித்துக் கட்டில போட்டு படுத்தா அப்புடி ஒரு வானம், வடக்க அடிவானம் வரைக்கும் மறைக்க ஒண்ணும் இல்ல, அன்னைக்குதான் துருவ நட்சத்திரத்த மொத மொதல்ல எங்க வீட்லேருந்து பாத்தேன். அந்த வெறுமைய பாத்து சந்தோசப்பட முடியல, ஆனா டெலஸ்கோப் வாங்கணும்னு நெனச்சது அந்த ராத்திரிதான்.

சரி விசயம். வடக்கு கண்டுபிடிக்க நட்சத்திரமும் வேணாம் காந்தமும் வேணாம். கோயில் கட்டுற ஸ்தபதிங்க சங்குன்னு ஒரு குச்சிய நட்டு திசை பாப்பாங்கல்ல, அதேதான். தரைய மட்டமா தேச்சு நேரா ஒரு குச்சிய நட்டு, அத நடுவா வச்சு ஒரு வட்டம் போடுங்க. காலைல குச்சி நெழலோட நுனி சுருங்கி வந்து வட்டத்த தொடுற எடத்துல ஒரு புள்ளி, சாயந்தரம் நீண்டு போயி மறுபடி வட்டத்த தொடுற எடத்துல ஒரு புள்ளி. ரெண்டையும் சேத்தா கிழக்கு மேற்கு, அதுக்கு குறுக்க செங்குத்தா போட்டா தெக்கு வடக்கு. உச்சி வெயில் நெழல வச்சு பாக்காதீங்க, நம்ம ஊர்ல அது ரொம்ப குட்டையா இருக்கும், ஏப்ரல் 18 வாக்குலயும் ஆகஸ்ட் 24 வாக்குலயும் நெழலே விழாது. நான் அந்த தெக்கு வடக்கு கோட்டுக்கு ஏத்தமாதிரி மூணு கருங்கல்லு பதிச்சு வச்சிருக்கேன், ட்ரைபாட் காலு எப்பவும் அதுமேலதான், அஞ்சு நிமிஷத்துல ரெடி. அதனால ஈக்யூவே ஆவாதுன்னு வெண்ணாறு சார் சொல்றத நான் ஏத்துக்கல. மொத டெலஸ்கோப்பா ஈக்யூ வேணாம்னு சொன்னா ஒத்துக்குறேன்.

குடமுருட்டி:
கோரையாறு அண்ணே இத ஏன் இத்தன வருஷமா யாரும் எழுதல!! நாளைக்கே குச்சி நடுறேன்.

"மொத டெலஸ்கோப்பா வேணாம்"ங்குறதுக்கு பதில் சொல்லாம போயிட்டேன்னு நெனைக்காதீங்க. யோசிச்சேன். எனக்கு மொத ஆறு மாசம் கத்துக்குடுக்க மாமா பையன் கூட இருந்தான், அவன் இல்லேன்னா நானும் மூலைல போட்டுருப்பேன். பக்கத்துல யாரும் இல்லாத வீட்டுக்கு டாப்சோனியன்தான் சரி. ஆனா அவங்க படம் எடுக்க ஆசப்பட்டா அப்ப வெறுத்துப்போயிடக்கூடாது, அதுக்கு தனி வழி இருக்குன்னு இப்பவே தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான் நான் கேக்குறது.

அரசலாறு:
வாங்கறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம். நம்ம ஊர்ல டெலஸ்கோப்ப கெடுக்குறது ஈரம்தான். மார்கழி தை பனியில லென்ஸ் டெலஸ்கோப்போட முன் கண்ணாடி அரை மணில நனஞ்சு போயிடும். டாப்சோனியன்ல கண்ணாடி குழாவுக்கு அடில இருக்குறதால தப்பிச்சுக்கும், ஆனா குறி பாக்குற ஃபைண்டரும் ஐபீசும் நனையும், ஒரு ஹேர் ட்ரையர் பக்கத்துல இருக்கட்டும். உள்ள எடுத்து வைக்கும்போது ஈரத்தோட மூடி போட்டுறாதீங்க, ஒருதடவ அப்புடி மூடி வச்சு ஐபீஸ்ல பூஞ்சை பிடிச்சு போச்சு எனக்கு. ஐபீஸ் பெட்டில சிலிக்கா ஜெல் போடுங்க. கொசுவுக்கு நொச்சி போட்டு மூட்டம் போடுறதா இருந்தா காத்து அடிக்கிற பக்கம் பாத்து தள்ளி போடுங்க, பொகை குழாவுக்கு முன்னாடி போனா வியாழனோட கோடெல்லாம் கரஞ்சிடும். மொட்ட மாடி வேணாம், பகல்ல குடிச்ச சூட்ட ராத்திரி பத்து மணி வரைக்கும் விட்டுகிட்டே இருக்கும், படம் அலையாடும். கொல்லை மண்ணு சீக்கிரம் குளுந்துடும். அறுவடை முடிஞ்சு வயலு காயுற மாசி பங்குனிதான் நம்ம பக்கம் நல்ல காலம், ஐப்பசி கார்த்திகைல வாங்கிட்டு மேகத்த பாத்து ஏங்காதீங்க.

ஓடம்போக்கி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இவ்வளவு பேரு உக்காந்து எழுதுவீங்கன்னு நெனைக்கல.

ஞாயித்துக்கெழம நானும் பொண்ணும் சங்கு நட்டோம். காலைல எட்டரைக்கு ஒரு புள்ளி, சாயந்தரம் நாலு மணி வாக்குல ஒரு புள்ளி, நடுவுல பொண்ணு குச்சிய விட்டு நகரவே இல்ல, சோறு அங்கயே. கோடு போட்டு பாத்தா வடக்கு சரியா மூணாவது தென்னைக்கும் நாலாவது தென்னைக்கும் நடுவுல போவுது. ராத்திரி அந்த கோட்டுல நின்னு முஷ்டிய வச்சு பாத்தோம், மட்டைக்கு நடுவுல மங்கலா ஒண்ணு, ஒம்போது மணிக்கும் பத்து மணிக்கும் அது நகரவே இல்ல. அதானே துருவ நட்சத்திரம்? எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, இந்த கொல்லைல பொறந்து வளந்தவன்.

6 இன்ச் டாப்சோனியன் சொல்லிட்டேன். குடமுருட்டி தம்பி, அடுத்த அமாவாசைக்கு உங்க ட்ராக்கர எடுத்துகிட்டு இங்க வாங்களேன், பொண்ணுக்கு அதையும் பாக்கணுமாம், சாப்பாடு நம்ம வீட்லதான்.

குடமுருட்டி:
வந்துடுறேன் அண்ணே. மூணு கல்லு மட்டும் கோட்டுக்கு ஏத்தமாதிரி பதிச்சு வைங்க.

வெண்ணாறு:
நானும் வரேன். ஒரு முக்காலி எடுத்து வைங்கண்ணே, தெக்க தாழ்வா பாக்குறப்ப ஐபீஸ் இடுப்பு உசரத்துக்கு வந்துடும், உக்காந்து பாத்தாதான் பொண்ணுக்கு கழுத்து வலிக்காது.