"நீங்கள்" எப்போது "நீ" ஆனது?

விக்டோரியா காலத்து லண்டனில் நடக்கும் ஒரு துப்பறியும் நாவல் வரிசையைச் சென்ற ஆண்டு ஆங்கிலத்தில் படித்தேன். கொலையும் தடயமும் கடைசியில் அவிழும் முடிச்சும் போதும் என்றுதான் தொடங்கினேன். காதலை நான் தேடிப் போகவில்லை.

என்னைக் கட்டிப்போட்டது இரண்டாம் புத்தகத்தில் வரும் ஒரு மருந்துக்கடைக் காட்சி. பிரிட்டனில் 1851-ஆம் ஆண்டு வந்த ஆர்சனிக் சட்டத்தின்படி, வெள்ளைப் பாஷாணம் வாங்குபவர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். சர்க்கரை என்றோ மாவு என்றோ யாரும் ஏமாந்துவிடாதபடி, சில்லறையாக விற்கும் பொடியில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்திருக்க வேண்டும். இறந்தவரின் சர்க்கரைக் கிண்ணத்தின் அடியில் லேசான நீலத்தைக் கண்டுதான் நாயகி அந்தக் கடைக்கு வருகிறாள். அவளைத் தொல்லையாகவே கருதும் இன்ஸ்பெக்டர், அங்கே அதே பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். பாஷாணத்தை ஆண்களுக்கு மட்டுமே விற்கலாம் என்றொரு விதி சட்ட முன்வரைவில் இருந்து பிறகு கைவிடப்பட்டது என்று அவர் சற்றுக் குத்தலாகச் சொல்ல, "கணவன்மாரைத் திருத்துவதைவிட விதி எழுதுவது எளிது என்று நினைத்திருப்பார்கள்" என்கிறாள் அவள். அவர் சிரிப்பதில்லை. பதிவேட்டை மட்டும் இரண்டு விரற்கடை அவள் பக்கம் நகர்த்திவைக்கிறார். அந்தப் புத்தகம் முழுவதிலும் காதல் என்று இருப்பது அந்த இரண்டு விரற்கடைதான்.

கதை நடப்பது 1880-களில். ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்ததோ 1901-இல். ஆகவே இருவரும் ஆளாளிடம் பேச்சுக் கொடுத்தே உண்மையைக் கறக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஒருவரையொருவரும் விசாரித்துக்கொள்கிறார்கள். நகைச்சுவை வலிந்து ஒட்டவைத்ததாகத் தோன்றாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆறாம் புத்தகத்தில் ஒரு கடிதம் மூன்று வாரம் வராமல் போய், அதனால் இருவரும் பிணங்கிக்கொள்கிறார்கள். ஒரே நாளில் பலமுறை தபால் பட்டுவாடா நடந்த லண்டனில் இதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் புத்தகத்தில்தான் அவர் முதன்முதலாக, தம்மை அறியாமல், அவளைக் குடும்பப் பெயரை விட்டுவிட்டுச் சொந்தப் பெயரால் அழைக்கிறார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், அதுவரை அவர்கள் பேச்சை என் மனம் தானாகவே "நீங்கள்" என்று படித்து வந்திருக்கிறது. அந்த வரியிலிருந்து அவர் பேச்சு "நீ" ஆகிவிட்டதைப் பக்கம் தாண்டிய பிறகே உணர்ந்தேன். அவள் எங்கே மாறினாள் என்று பின்னோக்கிப் புரட்டினேன். இரண்டு அத்தியாயங்களுக்கு முன்பே, அவர் நனைந்து வந்து நின்றபோது "குடை எங்கே?" என்று அதட்டுகிறாளே, அந்த இடத்தை நான் "நீ" என்றுதான் படித்திருந்தேன்.