உதவி: பழைய ரோடு பைக், பின் சக்கரம் அடிக்கடி பஞ்சர், செயினும் வழுக்குது

மஞ்சக்குப்பத்தான்:
வணக்கம். ஓட்டிப் பழக 16,000 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ரோடு பைக் வாங்கியிருக்கேன். பின்னால 8 கியர், டயர் 700×25. என் எடை 78 கிலோ. பெண்ணையாத்துப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி வரைக்கும் போய்த் திரும்புறேன். பின் டியூப் மட்டும் அடிக்கடி போகுது, ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை. டயரை விரலால அமுக்கிப் பார்த்தா கல்லு மாதிரிதான் இருக்கு. கடையில டியூப் மட்டம்ங்குறாங்க, வீலையே மாத்தச் சொல்றாங்க. எழுந்து நின்னு மிதிச்சா செயின் டக்குனு வழுக்குது. கையில மிச்சம் 4,000. எதுல போடட்டும்?

லாஸ்பேட்டை ரைடர்:
வீலைத் தொடாதீங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டைன்னா அது பாம்புக்கடி பஞ்சர். காத்து கம்மியா இருக்கும்போது குழியிலயோ பாலத்து இணைப்பிலயோ ஏறினா, டயர் நசுங்கி ரிம்மோட ரெண்டு விளிம்பும் டியூபைக் கடிச்சிடும். உடம்பு எடையில பெரும்பங்கு பின் சக்கரத்து மேல விழுறதால அதுதான் முதல்ல போகும்.

விரலை நம்பாதீங்க. ஒல்லி டயர் 60 பி.எஸ்.ஐ.யிலேயே (காத்தழுத்த அளவு) கல்லு மாதிரிதான் தெரியும். உங்க எடைக்கு 25 மி.மீ. அகல டயர்ல பின்னால 90, முன்னால 85 வையுங்க. டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்கிற உச்ச அளவைத் தாண்டாதீங்க. ஓட்டை இல்லாத டியூப்லயும் காத்து கொஞ்சம் கொஞ்சமா கசியும். அதனால ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி அளந்து அடிக்கணும். மீட்டர் வச்ச தரை பம்ப் வாங்குங்க, உங்க 4,000-ல முதல் செலவு அதுதான்.

வால்வு ஒல்லியா இருந்தா அது பிரெஸ்டா. நுனியில இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்தி, ஒரு தட்டு தட்டி 'புஸ்'ஸுனு காத்து வந்த பிறகு பம்பை மாட்டுங்க. தெருமுனைக் கடை பம்ப் இதுக்குப் பொருந்தாது; பித்தளை அடாப்டர் ஒண்ணு வால்வுலயே மாட்டி வச்சா வழியில உதவும்.

இனிமே ஒத்தை ஓட்டை வந்தா வேற கதை. டயர் பக்கம்னா கருவேல முள்ளோ கம்பித் துண்டோ உள்ளேயே நிக்கும், பஞ்சை டயருக்குள்ள ஓட்டுனா சிக்கும். ரிம் பக்கம்னா ரிம் டேப் (ரிம்முக்குள்ள ஸ்போக் ஓட்டைகளை மூடுற பட்டை) விலகியிருக்கும். டயர்ல கம்பெனி பேர் இருக்கிற இடத்தை வால்வுக்கு நேரா வச்சு மாட்டுங்க. டியூப்ல ஓட்டை கிடைச்சதும் டயர்ல எந்த இடம்னு உடனே தெரிஞ்சிடும்.

தேவனாம்பட்டினம் வாசி:
செயினுக்கு நான் சொல்றேன். எந்தக் கியர்லயும் தயங்கி கடகடன்னா கேபிள் தளர்வு. பின் டீரெய்லர்ல (செயினைப் பல்லு மாத்திப் போடுற கருவி) கேபிள் நுழையுற இடத்துத் திருகைக் கால் சுத்து கால் சுத்தா திருப்புனா சரியாகும். அழுத்தி மிதிக்கும்போது மட்டும், அதுவும் அதிகம் புழங்குற ஒண்ணு ரெண்டு கியர்ல குதிச்சா அது தேய்மானம்.

இரும்பு ஸ்கேலைச் செயினோட ஒரு பின் (கண்ணிகளை இணைக்கிற ஆணி) நடுவுல வச்சு அளங்க. புது செயின்ல 24 பின் தள்ளி சரியா 12 அங்குலம் வரும். அரை நூல் (ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு) கூட இருந்தா செயினை மாத்துங்க. ஒரு நூல் கூடன்னா பின் சக்கரத்துப் பல்லும் தேஞ்சிருக்கும், காசெட்டோட (பின் சக்கரத்துப் பல் வட்டங்களோட அடுக்கு) சேர்த்து மாத்தணும். தேஞ்ச பல்லு மேல புது செயின் போட்டா இன்னும் மோசமா வழுக்கும்.

நம்ம ஊர்ல உப்புக்காத்து, மணல். கெட்டியான எண்ணெய் ஊத்துனா மணல் ஒட்டி அரைக்கிற பசையாயிடும். நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு, காஞ்ச பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய், பிறகு வெளிப்பக்கம் கை வழுக்காத அளவுக்குத் துடைக்கணும்.

மஞ்சக்குப்பத்தான்:
ரொம்ப நன்றிங்க. அளந்துட்டேன், அரை நூலைவிடக் கொஞ்சம் கூட இருக்கு. இன்னொண்ணு, ஓட்டி முடிச்சா முட்டி முன்பக்கம் வலிக்குது.

லாஸ்பேட்டை ரைடர்:
முன்பக்க வலின்னா பெரும்பாலும் சீட்டு தாழ்வு. பெடலைக் கீழே விட்டு குதிகாலை அதுல வையுங்க, கால் நேரா நீளணும். 5 மி.மீ. 5 மி.மீ.யா ஏத்துங்க, சீட்டுக் கம்பியில போட்டிருக்கிற கடைசிக் கோடு வெளிய தெரியக்கூடாது. கனமான கியர்ல முக்கி முக்கி மிதிக்காதீங்க, நிமிஷத்துக்கு 80 சுத்து வர்ற மாதிரி இறக்கிப் போடுங்க.

தேவனாம்பட்டினம் வாசி:
அப்போ இப்போதைக்கு 8 ஸ்பீடு செயின் மட்டும் போடுங்க. போட்டும் ஒரே கியர்ல வழுக்குனா காசெட் வாங்கலாம். ஹெல்மெட் இல்லன்னா பம்புக்கும் முன்னாடி அதை வாங்குங்க, அந்த ரோட்டுல லாரியும் பஸ்ஸும் ஓயாது. புது செயினை வெட்டும்போது பழசோட நுனியைப் பக்கத்துல வச்சு அளக்காதீங்க. பழசு நீண்டுபோயிருக்கும், கண்ணியை எண்ணித்தான் வெட்டணும்.