கப்பலில் அடிபட்டு ஊர் திரும்பியவரின் சம்பளத்துக்கும் சிகிச்சைக்கும் யார் பொறுப்பு?

கேள்வி: தூத்துக்குடி வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் லைபீரியாவில் பதிவாகி அந்நாட்டுக் கொடியின் கீழ் ஓடும் ஒரு சரக்குக் கப்பலில் ஃபிட்டராக வேலை பார்த்துவந்தார். சென்ற மாதம் இயந்திர அறையில் ஒரு பம்பைச் செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கும்போது வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டது. சில நாட்கள் வலி மாத்திரையோடு கேபினில் படுத்திருந்தார். அடுத்த துறைமுகத்தில் ஸ்கேன் எடுத்த மருத்துவர், வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்ததும் சைன் ஆஃப் செய்து, அதாவது கப்பல் வேலையிலிருந்து விடுவித்து, விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்குள்ள மருத்துவர், முதுகெலும்பு வட்டு விலகியிருக்கிறது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்கிறார்.

அண்ணனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியோ, சைன் ஆஃப் ஆன நாளோடு சம்பளம் முடிந்துவிட்டது என்றும், இது பழைய முதுகுவலியாக இருக்கலாம் என்றும், நல்லெண்ணத்தின் பேரில் ஒரு தொகை தருவதாகவும் சொல்கிறது. அதற்காக அனுப்பியிருக்கும் தாளில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. அண்ணன் சம்பளத்தை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது. அண்ணி கையெழுத்திட்டுவிடலாம் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்

சகோதரி, சிகிச்சை எப்படி முடியும் என்பதே தெரியாத நிலையில் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம் என்று உங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள்.

கப்பல்காரர்கள் எம்.எல்.சி. என்று சொல்லும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் நிறைவேறி, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. லைபீரியாவும் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடுகள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முறைப்படி ஊர் திரும்பும்வரை ஏற்படும் நோய்க்கும் காயத்துக்கும் ஆகும் மருத்துவச் செலவு கப்பல் உரிமையாளரின் பொறுப்பு என்று அது சொல்கிறது. குணமாகும்வரை, அல்லது இனி மாறாத நிரந்தரக் குறைபாடு என்று மருத்துவர் அறிவிக்கும்வரை, அந்தப் பொறுப்பு நீள வேண்டும். கொடி நாட்டின் சட்டம் அதற்குக் கால வரம்பு வைத்தாலும், அடிபட்ட நாளிலிருந்து 16 வாரங்களுக்குக் குறைவாக வைக்க முடியாது.

சம்பள விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. கப்பலில் இருக்கும்வரையும் ஊர் வந்து சேரும்வரையும் முழுச் சம்பளம் தர வேண்டும். வந்த பிறகு முழுதாகவோ பகுதியாகவோ தர வேண்டும். எவ்வளவு என்பதை அந்த நாட்டுச் சட்டமோ, தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தமோ தீர்மானிக்கும். இதற்கும் குறைந்தபட்ச வரம்பு அதே 16 வாரங்கள்தான். ஆகவே, சைன் ஆஃப் நாளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்ற பேச்சு நிற்காது. அண்ணனின் ஒப்பந்தத்தோடு கூட்டு ஒப்பந்தம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் சிக் வேஜஸ் எனும் நோய்க்காலச் சம்பளம் இதைவிட நீண்ட காலத்துக்கு உண்டு. முதலில் கம்பெனிக்கே பொறுமையாக ஒரு கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருங்கள் என்பது என் யோசனை.

பதில்: கடலோடிகளுக்குச் சான்று வழங்கும் மருத்துவர்

பழைய முதுகுவலி என்ற வாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேலைக்குச் சேரும்போது ஒரு நோயை வேண்டுமென்றே மறைத்திருந்தால் கப்பல் உரிமையாளர் பொறுப்பிலிருந்து விலகலாம் என்று விதி உண்டு. ஆனால் தெரிந்தே மறைப்பது வேறு. உடலுக்குள் வெளித்தெரியாமல் இருந்த தேய்மானம் வேறு. நாற்பது வயதைத் தாண்டிய, பளு தூக்கி வேலை செய்த யாருடைய முதுகை ஸ்கேன் எடுத்தாலும் ஏதோ ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதைக் காட்டி, விழுந்து அடிபட்டவரைக் கைவிடுவது மருத்துவ நியாயம் ஆகாது.

கப்பல் ஏறுமுன் நடந்த பரிசோதனையின் அறிக்கை நகலை அந்த மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கப்பலில் மருந்துப் பெட்டியைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரி எழுதிய குறிப்பும், கேப்டனின் விபத்து அறிக்கையும் முக்கியம். கரையிலுள்ள மருத்துவரிடம் வானொலி அல்லது செயற்கைக்கோள் வழியாக ஆலோசனை கேட்டார்களா என்றும் அண்ணனிடம் விசாரியுங்கள். இந்தச் சேவை கடலோடிகளுக்கு இரவு பகலாகக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டியது. ரோமில் உள்ள மையம் 1935 முதல் இதைச் செய்துவருகிறது. அப்படிக் கேட்டிருந்தால், எந்த நாளில், எந்த அறிகுறியோடு என்பதற்கு எழுத்துப்பூர்வமான சான்று இருக்கும்.

பதில்: கடலோடிகள் நலப் பணியாளர்

பொறியாளர் ஐயா சொன்ன சட்டம் சரி. காத்திருக்கச் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. இந்தக் குடும்பத்தின் கையில் சம்பளம் இல்லாதபோது, காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அவர்களைக் கையெழுத்தை நோக்கித்தான் தள்ளும். கம்பெனிக்கு எழுதும் அன்றே ஏஜென்சிக்கும் எழுதி, அதன் நகலை இந்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகமான, மும்பையிலுள்ள டி.ஜி. ஷிப்பிங் அலுவலகத்துக்கும் லைபீரியக் கொடி நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள். ஏஜென்சிக்கு, கடலோடிகளை வேலைக்கு எடுத்து அனுப்புவதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்பதை டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்திலேயே பார்க்கலாம். உரிமம் உள்ள ஏஜென்சி கடலோடியின் புகாருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நிரந்தரக் குறைபாடு ஏற்பட்டால் தர வேண்டிய இழப்பீட்டுக்கு, 2017 ஜனவரி 18 முதல் ஒவ்வொரு கப்பலும் நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும், கப்பல் உரிமையாளர்களின் பொறுப்புகளுக்குக் காப்பீடு தரும் ஒரு பி அண்ட் ஐ கிளப்பின் பெயர் அதில் இருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள இழப்பீட்டை அவர்களிடம் நேரடியாகவே கோரலாம். ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி அழுத்தம் தரக் கூடாது என்றும், முழு இழப்பீட்டைக் கணக்கிட நாளாகும் நிலையில் கஷ்டப்படாமல் இருக்க இடைக்காலத் தொகை தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. உங்கள் கடிதத்தில் இந்த இடைக்காலத் தொகையைத் தவறாமல் கேளுங்கள்.

ஓய்வு நேரப் பதிவேட்டின் நகலும் வேண்டும். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். தூக்கமில்லாமல் வேலை வாங்கியிருந்தால், விபத்துக்கான காரணத்தில் அதுவும் சேரும்.

கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. அண்ணன் ஸ்ட்ரெச்சரில் இறங்கியதால் எந்த நகலும் எடுத்துவரவில்லை. சான்றிதழில் இருந்த கிளப்பின் பெயரும் அவருக்கு நினைவில்லை. இனிமேல் கேட்டால் தருவார்களா?

பதில்: கடலோடிகள் நலப் பணியாளர்

ஓய்வு நேரப் பதிவின் நகல், கேப்டனின் கையொப்பத்தோடு, கடலோடிக்குத் தரப்பட வேண்டியது; அதை உரிமையாகவே கேளுங்கள். மற்ற ஆவணங்களைப் பட்டியலிட்டு, தேதியோடு மின்னஞ்சலில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் புகாரில் சேரும். கிளப்பின் பெயரை அறிய, இன்னும் அதே கப்பலில் இருக்கும் நண்பர் யாரிடமாவது சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும். ஒப்பந்த நகல் கையில் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டுச் சிக் வேஜஸ் பகுதியை மட்டும் இங்கே பதியுங்கள். கடிதத்தை எழுத நான் உதவுகிறேன்.