பொண்ணு மலைக்கு வேலைக்குப் போறேங்கறா, அனுப்பலாமா?

காசிமேட்டு_நைனா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காசிமேட்டுல லாஞ்ச் இன்ஜின் ரிப்பேர் பாக்குறேன், முப்பது வருசமா. எங்க வம்சத்துலயே மொத டாக்டர் என் பொண்ணு. ஸ்டான்லியில ஹவுஸ் சர்ஜன், இன்னும் ரெண்டு மாசத்துல முடியுது. நேத்து சோத்துல கைய வெச்சிக்கினே சொல்றா, "நைனா, பிஜி மேல்படிப்புக்கு இப்போ படிக்கப் போறதில்ல. தர்மபுரி ஜில்லாவுல சிட்லிங்கின்னு மலைக்கு நடுவுல ஒரு ஊரு. அங்க பழங்குடி ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி நடத்துறாங்க. ரெண்டு வருசம் போயி வேலை பாக்கணும்"னு. அப்போ எழுந்து போன அவ அம்மா இன்னும் வாயத் தொறக்கல.

சேவைன்னா இங்கியே செய்யலாமேன்னு கேட்டேன். வியாசர்பாடியில திருவேங்கடம் டாக்டர் ரெண்டு ரூபா வாங்கிக்கினு வைத்தியம் பாக்கலியா? அவரும் ஸ்டான்லிதானே. பழைய வண்ணாரப்பேட்டையில ஜெயச்சந்திரன் டாக்டரும் அப்பிடித்தானே இருந்தாரு? அவ சிரிக்கிறா. அந்த ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் புருசன் பொஞ்சாதி 1993ல போனவங்க, திரும்பி வரவே இல்லியாம். அதான் எனக்குப் பயம். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொடுங்கையூர்_கார்த்தி:

அண்ணா, ஒரே ஒரு கணக்கு மட்டும் பாத்துக்கோங்க. அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற எம்ஆர்பி வாரியம் மூலமா அரசு டாக்டரா சேர்ந்து மலைப்பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்தா, பின்னாடி பிஜி சீட்டுக்கு அரசு டாக்டருங்களுக்குன்னு ஒதுக்குற இன்சர்வீஸ் கோட்டா இருக்கு. தொண்டு ஆஸ்பத்திரியில பார்க்கிற வருஷம் அந்தக் கணக்குல வராது. அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், ஆனா நீங்களும் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க. மத்தபடி எனக்குப் பொறாமையா இருக்கு. நான் படிச்சது இன்ஜினியரிங், யாரும் மலைக்குக் கூப்பிடல.

ராயபுரம்_சிஸ்டர்:

தம்பி, நான் பிரசவ வார்டுல நர்சா இருந்து ரிடையர் ஆனவள். என் மொத வேலையே ஒரு மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியிலதான், பேரு வேணாம். ரெண்டு நாளா வலி எடுத்த ஒரு பொண்ணைத் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. விசிட்டர் நேரம் முடிஞ்சதுன்னு அவ மாமியாரையும் புருஷனையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திட்டோம். நிறுத்தினது நான்தான். காலையில கட்டில் காலி. ட்ரிப் ஸ்டாண்டுல டியூப் மட்டும் தொங்குது. அவ என்ன ஆனாள்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

எதுக்கு ஓடினாள்னு ரொம்ப வருஷம் எனக்குப் புரியல. மகாராஷ்டிராவுல கட்சிரோலியில அபய் பங், ராணி பங்னு டாக்டர் தம்பதி 1986லேர்ந்து கோண்டுப் பழங்குடி ஜனங்களோட இருக்காங்க. அவங்களைப் பத்திப் படிச்சப்போதான் உறைச்சது. ஆஸ்பத்திரிக்கு ஏன் வரமாட்டேங்கறீங்கன்னு இவங்க கேட்டிருக்காங்க. வெள்ளைத் துணி பொணத்துக்குப் போர்த்துறது, நீங்களும் அதைப் போட்டுக்கிட்டு வர்றீங்க, சொந்தக்காரங்களையும் உள்ள விடமாட்டேங்கறீங்கன்னு ஜனங்க சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் கட்டினது குடிசை குடிசையா, குடும்பத்தோட தங்கற மாதிரி. பேரும் அவங்க சாமி தந்தேஸ்வரி பேருதான். நான் அன்னைக்குப் போட்டிருந்தது சலவை பண்ணி கஞ்சி போட்ட வெள்ளை யூனிபார்ம்.

சிட்லிங்கிக்கு வரேன். அதை ஆரம்பிச்ச ரெஜி ஜார்ஜ், லலிதா ரெண்டு பேரும் கேரளாக்காரங்க. அவர் மயக்க டாக்டர், அந்தம்மா மகப்பேறு. ஒருத்தர் மயக்கம் கொடுக்க ஒருத்தர் அறுக்கன்னு ஆள் இருந்ததாலதான் அந்தக் காட்டுல ஆபரேஷனே முடிஞ்சது. தொடங்கினது ஒரு குடிசையில. அப்போ அந்தப் பக்கம் பிறக்கிற 1000 குழந்தையில 147 ஒரு வயசு தாண்டாது. பின்னாடி அது 20 அளவுக்கு இறங்குச்சு. இதுல பாதி வேலை அந்த ஊர்ப் பொண்ணுங்க செஞ்சது, தம்பி. மலையாளின்னா இங்க கேரளாக்காரங்க இல்ல, அந்த மலைப் பழங்குடியோட பேரு; அந்தப் பொண்ணுங்களுக்கே நர்ஸ் வேலை பழக்கிக் கொடுத்தாங்க. உங்க பொண்ணு கத்துக்க வேண்டியதும் அவங்ககிட்டதான். யாரையோ காப்பாத்தப் போறேன்னு கிளம்பினா ஆறு மாசத்துல அலுத்துடும்.

பயப்பட வேண்டியது ஒண்ணுதான், ராத்திரி ரெண்டு மணிக்குக் கேக்க மேல ஒரு சீனியர் இருக்காங்களா? அங்க இருக்காங்க. சில ஊர்ல சின்னப் பசங்களைத் தனியா விட்டுடறாங்க, அது தப்பு.

எர்ணாவூர்_வாயாடி:

ஏன் எல்லாரும் மலைக்கே ஓடுறீங்கன்னுதான் எனக்குக் கேக்கத் தோணுது. எண்ணூர் அனல் மின் நிலையச் சாம்பல்ல மூச்சு வாங்கற ஜனம் ஜனம் இல்லியா?

ராயபுரம்_சிஸ்டர்:

ஜனந்தான் தம்பி. ஆனா எண்ணூர்ல மூச்சு முட்டினா ஆட்டோ புடிச்சு ஸ்டான்லிக்கு வந்துடலாம். மூச்சுன்னதும் ஞாபகம் வருது. கட்சிரோலியில பெரிய எண்ணிக்கை எண்ணத் தெரியாத மருத்துவச்சிங்க கையில ஒரு நிமிஷ மணல் கடிகாரமும் மணிச்சட்டமும் கொடுத்தாங்க. குழந்தை பத்து மூச்சு விட்டா ஒரு மணின்னு தள்ளிக்கிட்டே போவாங்க. மணல் தீர்றதுக்குள்ள மணி தீர்ந்தா நிமோனியான்னு அர்த்தம், மருந்து கொடுக்கணும். பச்சக் குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கிற முறையையும் அவங்க அங்க செஞ்சு காட்டினாங்க. நம்ம நாட்டுல ஆஷான்னு ஊர்ச் சுகாதார வேலை பாக்குற பொண்ணுங்க வீடு வீடா வர்றாங்களே, அதுக்கு அதுதான் முன்மாதிரி. மலையில கண்டுபிடிச்சது எர்ணாவூருக்கும் வரும்.

காசிமேட்டு_நைனா:

சிஸ்டர், நீங்க எழுதினத அப்பிடியே அவ அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கட்டில் காலியா இருந்துச்சுன்ன எடத்துல நிறுத்தச் சொல்லிட்டா. அப்புறம் பொண்ணைக் கூப்ட்டு, அந்த ஊருல ராத்திரி கரண்ட் இருக்குமா, தனியா ரூம் குடுப்பாங்களான்னு கேட்டுக்கினு இருந்தா. மொதல்ல நாங்க போயி ஒருவாட்டி பாத்துட்டு வர்றோம். எப்பிடிப் போறது?

கொடுங்கையூர்_கார்த்தி:

கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறலாம், ஆனா காசிமேட்டுலேர்ந்து கிளாம்பாக்கம் போறதே ஒரு வெளியூர்ப் பயணம். சென்ட்ரல்ல சேலம் பக்கம் போற வண்டி பிடிச்சு மொரப்பூர்ல இறங்குங்க. அங்கேர்ந்து அரூர், அப்புறம் உள்ள பஸ். போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுடுங்க.

காசிமேட்டு_நைனா:

சரிப்பா. மூணு டிக்கெட் போடணும், பொண்ணும் வராளாம். கருவாடு எடுத்தாரலாமான்னு கேக்குறா.

ராயபுரம்_சிஸ்டர்:

தாராளமா. பேப்பர் சுத்தி, டப்பாவுல போட்டு இறுக்க மூடச் சொல்லுங்க. ரயில்ல பக்கத்து சீட்டுக்காரங்க பாவம்.