இருவர் பெயரில் வாடகை ஒப்பந்தம்: கணவர் மட்டும் நோட்டீஸ் கொடுத்தால் செல்லுமா?

இடம்: கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம். தங்கையும் அவள் கணவரும் சேர்ந்து கையெழுத்திட்ட 11 மாத ஒப்பந்தம். வாடகை 8,500, அட்வான்ஸ் 50,000. ஜனவரியில் அவர் பிரிந்து பொள்ளாச்சி போய்விட்டார். விவாகரத்து வழக்கு இன்னும் இல்லை. தங்கையும் குழந்தையும் அதே வீட்டில்தான், வாடகை பாக்கி கிடையாது.

இப்போது அவர் தனியாகக் காலி செய்யும் நோட்டீஸ் கொடுத்து, அட்வான்ஸைத் தன் கணக்கில் போடச் சொல்கிறார். ஓனர் மாசக் கடைசிக்குள் சாவி கேட்கிறார். ஒப்பந்தத்தில் ‘ஒரு மாத முன்னறிவிப்பு’ என்று இருக்கிறதே தவிர, ஒருவர் கொடுத்தால் போதுமா என்று ஒரு வரியும் இல்லை. பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் இப்படித்தான்.

தங்கை பெயரில் புது ஒப்பந்தம் கேட்டோம். கணவர் கையெழுத்து வேண்டும் என்கிறார் ஓனர். அட்வான்ஸ் இருவருக்கும் சேர்த்துத் தர வேண்டியது என்று 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 45-ஐக் காட்டி ஸ்பீடு போஸ்டில் எழுதினோம், பதில் இல்லை. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வாடகை வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு என்று தெரியும். ஆனால் அது கணவருக்கு எதிரான வழி, ஓனரிடம் எவ்வளவு எடுபடும்?

கேள்வி ஒன்றுதான்: கணவர் மட்டும் கொடுத்த நோட்டீஸால் தங்கையின் வாடகை உரிமையும் முடிந்துவிடுமா?