பரணில் கிடைத்த ஒன்பது படங்கள்

அத்தை: பரணை ஒழித்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒன்பது வாட்டர் கலர் படங்கள் கிடைத்தன. எல்லாமே பழைய வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் மணிக்கூண்டு முனைதான். ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. போட்டோ போட்டிருக்கிறேன். யாருக்காவது வேண்டுமா, இல்லை லேமினேட் செய்துவிடட்டுமா?

அக்கா: லேமினேட் வேண்டவே வேண்டாம் அத்தை!! ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது, பிரித்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும்

அத்தை: சரி சரி கத்தாதே. ஈரத்துணியால் லேசாகத் துடைக்கலாமா?

அக்கா: ஐயோ. வாட்டர் கலர் அத்தை

சித்தப்பா: ஒன்பதும் ஒரே இடம் என்றால் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடலாமே. அப்பா ஒன்றும் பெரிய ஓவியர் இல்லை, உண்மையைச் சொல்ல என்ன பயம். தெருவில் நடக்கிற ஆட்களைப் பாருங்கள், ஒருத்தருக்காவது இரண்டு காலும் ஒரே நீளமா?

நான்: ஒரே இடம் என்பதுதான் சித்தப்பா விஷயமே. நான் போட்டோக்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன், ஒன்றில் வெறும் விளக்குக் கம்பம், அடுத்ததில் அதற்கு மேல் மின்கம்பி, அப்புறம் ஒரே ஒரு வீட்டு மாடியில் டிவி ஆன்டெனா, இன்னொன்றில் எண்ணினேன், பதினொரு ஆன்டெனா. கடைசிப் படத்தில் டிஷ் வந்துவிட்டது. தேதியே போடாமல் காலத்தைச் சொல்லியிருக்கிறார் தாத்தா

பெரியப்பா: அந்த முதல் ஆன்டெனா எதிர்வீட்டுடையது. தெருவே அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும்.

சித்தப்பா: போட்டோ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

அக்கா: அந்த முனையை யார் சித்தப்பா போட்டோ எடுத்தார்கள்? நம் ஆல்பம் முழுக்கக் கல்யாணமும் பிறந்தநாளும்தான். தெருவை யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் எல்லாருக்கும் பின்னால் அரைச் சுவர் தெரியும், அவ்வளவுதான்

அக்கா: போலந்துத் தலைநகர் வார்சாவின் கதை தெரியுமா? 1944இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து மக்கள் நடத்திய எழுச்சி அடங்கியதும் ஜெர்மன் படை நகரத்தை வீடு வீடாகத் தகர்த்தது, பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போயே போய்விட்டது. திருப்பிக் கட்டும்போது கட்டடக்கலை மாணவர்கள் முன்பே அளந்து வரைந்து வைத்திருந்த வரைபடங்கள் உதவின, கூடவே பெர்னார்டோ பெல்லோட்டோ என்பவர் 1770களில் அரசருக்காக வரைந்த தெருக் காட்சிகளும். கிட்டத்தட்ட 170 வருஷத்துக்கு முந்தைய ஓவியத்தைப் பார்த்து ஜன்னல், கூரை என்று கட்டியிருக்கிறார்கள். 1980இல் அது யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது

சித்தப்பா: அவர் அரசருக்கு வரைந்தவர். நம் அப்பா கணக்கு எழுதியவர்.

நான்: 😂

பெரியப்பா: ஒரு சந்தேகம். நான்காவது படத்தில் மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் பெரிய மரம் நிற்கிறது, ஆன்டெனாவும் இருக்கிறது. அது நடக்கவே நடக்காது. சாலையை அகலப்படுத்தியபோதே அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள், அப்போது தெருவில் யார் வீட்டிலும் டிவி கிடையாது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சித்தப்பா: ஆக, பொய்.

அத்தை: அப்பா பொய் சொல்ல மாட்டார்

சித்தப்பா: மரத்துக்குப் பின்னால் இருந்த கட்டடத்தின் வளைவு வரைய வரவில்லை, மரத்தைப் போட்டு மறைத்திருக்கிறார்!

அக்கா: இருக்கலாம் 😄 பெல்லோட்டோவும் அப்படித்தான், சில கட்டடங்களை இருந்ததைவிட அழகாக்கி வரைந்தார். வேடிக்கை என்னவென்றால் சில இடங்களில் போருக்கு முன்னால் இருந்தபடி கட்டாமல் அவர் வரைந்தபடியே கட்டிவிட்டார்கள். அதனால் முழுசாக நம்பவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. எந்த இடத்தில் பொய் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது என்று பார்க்க வேண்டும். மரத்துக்குக் காரணம் இருக்கலாம், அடுத்தவர் வீட்டு ஆன்டெனாவைப் பதினொன்று என்று போட என்ன காரணம்? கண்ணில் பட்டது, போட்டார்

நான்: இதே மாதிரி வெனிஸில் ஒன்று படித்தேன். கனலெட்டோ, இந்தப் பெல்லோட்டோவுக்கு மாமா, இருட்டுப் பெட்டிக்குள் விழும் பிம்பத்தைப் பார்த்து வரைகிற கருவி வைத்திருந்தாராம், அதனால் கால்வாய் ஓரச் சுவரில் பாசி எதுவரை படிந்திருந்தது என்பதுவரை வரைந்திருக்கிறார். ஆய்வாளர்கள் அந்தப் பாசிக்கோட்டையும் அதே சுவரில் இன்றைய கோட்டையும் ஒப்பிட்டு, தண்ணீர் சுமார் 60 செ.மீ. ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். கடல் உயர்ந்தது, நிலம் அமிழ்ந்தது இரண்டும் சேர்த்து. அந்த மனிதர் வரையும்போது இதையா நினைத்திருப்பார், பயணிகளுக்கு விற்க வரைந்தார்

பெரியப்பா: அப்படியானால் மணிக்கூண்டைப் பாருங்கள். கடிகார முள் விழுந்து பல வருஷம் மொட்டையாக நின்றது, அப்புறம்தான் புதிது மாட்டினார்கள். முள் இல்லாத படங்களைத் தனியாக எடுத்தால் வரிசை கிடைத்துவிடும்.

அக்கா: சூப்பர் பெரியப்பா! டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த டெல்ஃப்ட் நகரக் காட்சியிலும் இதே வித்தைதான். அதில் புதிய தேவாலயக் கோபுரத்தில் மணிகள் இல்லை, 1660-61இல்தான் மாட்டினார்கள், அதை வைத்துப் படம் எப்போது வரையப்பட்டது என்று கணிக்கிறார்கள்

அக்கா: அத்தை, இப்போது செய்ய வேண்டியது: செய்தித்தாளில் சுற்றாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். அமிலமில்லாத காகிதம் என்று கேட்டால் கிடைக்கும், நடுநடுவே அதை வைத்துப் படுக்கைவாட்டில் அடுக்குங்கள். சுவரில் மாட்டினால் வெயில் படாத சுவர், இல்லையென்றால் வானம்தான் முதலில் வெளுத்துப் போகும். பின்புறம் ஏதாவது எழுத வேண்டும் என்றால் மெல்லிய பென்சில், பேனா கூடவே கூடாது. போட்டோவும் ஃப்ளாஷ் இல்லாமல் மறுபடி எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து

அத்தை: பின்பக்கம் பார்த்தேன்! எல்லாவற்றிலும் அப்பா எழுத்து இருக்கிறது. “மாலை 4.30, மேகம்.” “மாலை 5, மழை விட்டது.” “மாலை 4.45, காற்று, காகிதம் பறந்தது.” ஒன்றில்கூட வருஷம் இல்லை

சித்தப்பா: ஆபீஸில் பைசா விடாமல் எழுதுகிறவர், வருஷத்தை விட்டிருக்கிறார் பார்.

பெரியப்பா: அவருக்கு அது எந்த வருஷம் என்று தெரியுமே, எதற்கு எழுதுவார்.

சித்தப்பா: சரி, நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை எதையும் கழிக்க வேண்டாம்.

பெரியப்பா: அந்த ஏழாவது படத்தை மட்டும் இப்போதே மறுபடி எடுத்து அனுப்பும்மா. கடிகாரத்துக்கு முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சரியாக அதன் மேல்தான் உன் கட்டைவிரல்.